காயும் கட்டமும்

நுழையும்முன்

பேரூர்களிலும் சிற்றூர்களிலும் திண்ணைகளையும் மண்டபங்களையும் களமாகக் கொண்டு தமிழர் ஆடிய ஆட்டங்கள் பல. அவற்றுக்குப் பெருந்திடல் தேவையில்லை. கரித்துண்டு ஒன்றும் புளியங்கொட்டை சிலவும் போதும். எளியனவாகத் தோன்றும் அவ்வாட்டங்களுள் எண்ணும் திறனும், எதிராளியின் மனத்தை அறியும் நுட்பமும், தோல்வியைத் தாங்கும் பண்பும் பொதிந்துள்ளன. அவற்றை ஆடிப் பார்க்கும் ஒருவர் எவற்றை உணர்வார் என்பதையும், அவற்றைக் காக்க வேண்டியவர் யார் என்பதையும் இப்பாடம் ஆராய்கிறது.

மேலே நோக்கும் கண்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே அமைந்துள்ள ஊர் ஆவுடையார்கோவில். திருப்பெருந்துறை என்பது அதன் பழம்பெயர். மாணிக்கவாசகரின் வாழ்வோடு பிணைந்த அவ்வூர்க் கோவிலுக்குச் செல்வோர் முதலில் தலையை உயர்த்துவர். மரச்சட்டங்களை இழைத்து ஆணி அறைந்தாற்போலக் கருங்கல்லில் செதுக்கப்பட்ட கொடுங்கைகள் அவர்தம் கண்களை ஈர்க்கும். பிற கோவில்களுக்கு வேலை ஒப்புக்கொள்ளும் சிற்பியர், ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதிக் கொடுப்பர் என வழங்கும் செய்தி, அதன் அருமையைப் புலப்படுத்தும்.

கற்கோவில்களில் மேலே நோக்கும் கண் கீழேயும் நோக்குதல் வேண்டும். தமிழகக் கோவில்கள் பலவற்றின் மண்டபத் தரைகளிலும் படிக்கட்டு ஓரங்களிலும் வரிசையாகக் குடைந்த சிறு குழிகளையும், கோடுகளால் கீறிய கட்டங்களையும் இன்றும் காணலாம். அவை சிற்பியர் செதுக்கிய அணிவேலைகள் அல்ல. மழைக்கு ஒதுங்கியோரும், திருவிழாவில் இரவு விழித்திருந்தோரும், ஓய்வு நேரத்தில் தூண்நிழலில் அமர்ந்தோரும் ஆடிய ஆட்டங்களின் சுவடுகள். கொடுங்கையைச் செய்தவர்களைப் போலவே, இக்குழிகளைக் குடைந்தவர்களும் தங்கள் பெயரைப் பொறித்துச் செல்லவில்லை.

திருப்பெருந்துறையோடு தொடர்புடைய மாணிக்கவாசகரும் விளையாட்டை அறியாதவரல்லர். அம்மானை, சாழல், உந்தி, தோணோக்கம், பொன்னூசல் என மகளிர் ஆடல்களின் பெயர்களையே திருவாசகப் பகுதிகள் பல தலைப்பாகக் கொண்டுள்ளன. மக்கள் ஆடிய ஆட்டத்தின் சந்தம் சமயப் பாடலுக்கு வடிவம் தந்தது. விளையாட்டைச் சிறுபிள்ளைச் செயலென்று ஒதுக்காமல் அதனுள் பொருள் காணும் மரபு தமிழுக்கு உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

பொதியிலில் ஒரு பலகை

சங்க இலக்கியத்தில் ‘வல்’ என்னும் ஆட்டம் குறிக்கப்படுகிறது. ஊர்ப் பொதுவிடமாகிய பொதியிலில் நரைத்த முதியோர் அமர்ந்து ஆடிய ஆட்டம் அது. மருதன் இளநாகனார் பாடிய புறநானூற்று 52ஆம் பாடல், போரால் பாழ்பட்ட ஓர் ஊரைக் காட்டுகிறது. அங்குள்ள பொதியில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. முதியோர் ஆட்டக்காயை இட்டு இட்டுக் குழிந்துபோன இடத்தில், காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது. அழிந்த ஊரைக் காட்டப் புலவர் இடிந்த மாளிகையைத் தேடவில்லை. ஆளற்ற ஆட்டக்களத்தைக் காட்டினார். முதியோர் கூடி ஆடும் இடம் உயிரோடு இருந்தால் ஊர் உயிரோடு இருக்கிறது என்பது அவர் கருத்தாதல் வேண்டும்.

அப்பாடலில் ஆட்டக்காய் ‘நாய்’ எனப்படுகிறது. தொல்காப்பியமும் எழுத்ததிகாரத்தின் புள்ளிமயங்கியலில், ‘வல்’ என்னும் சொல் ‘நாய்’, ‘பலகை’ என்னும் சொற்களோடு சேரும் முறையை வகுத்துக் கூறுகிறது. வல்லுப்பலகை எனவும் வல்லப்பலகை எனவும் இருவகையாகவும் வழங்கலாம். இலக்கண நூலார் விதி கூறும் அளவுக்கு அச்சொற்கள் மக்கள் நாவில் பயின்றிருந்தன. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடையும் வட்டச்சில்லுகளும் கிடைத்திருப்பது, இலக்கியம் கூறும் வாழ்வுக்கு மண்ணும் சான்று தருவதைக் காட்டுகிறது.

எனினும் ஒரு குறை உண்டு. வல் என்னும் பெயர் எஞ்சியுள்ளது. அது ஆடப்பட்ட இடம் பாடலில் எஞ்சியுள்ளது. காய்க்குரிய பெயரும் எஞ்சியுள்ளது. அதனை ஆடும் முறையை அப்பாடல் கூறவில்லை. இலக்கண நூலும் கூறவில்லை. எல்லாரும் அறிந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. அதனாலேயே அது மறைகிறது.

எண்ணிக்கையின் ஆட்டம்

இன்றும் ஆடப்படும் ஆட்டங்களுள் பல்லாங்குழி தனித்தன்மை உடையது. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தாக எழுபது காய்கள். புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி, மஞ்சாடி ஆகியவற்றுள் எது கிடைப்பினும் காயாகும். ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ள காய்களை எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வார். கையிலுள்ளவை தீர்ந்ததும் அடுத்த குழியிலுள்ளவற்றை எடுத்துத் தொடர்வார். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதனைத் தடவி, அதற்கு அப்பாலுள்ள குழியின் காய்களைத் தமதாக்கிக் கொள்வார். அத்துடன் அவர் முறை முடியும். ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அது ‘பசு’ எனப்படும். அதனை அக்குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் இவ்விதிகள் சிறிது வேறுபடும்.

புதிதாக ஆடுபவர், முதல் ஆட்டத்தில் எந்தக் குழியிலிருந்து தொடங்குவது என்று நெடுநேரம் எண்ணுவார். மேற்கூறிய முறைப்படி ஆடினால் அவ்வாறு எண்ண வேண்டிய தேவையே இல்லை. தொடங்கும் குழியை 1 எனக் கொள்வோம். அதிலுள்ள ஐந்து காய்கள் 2 முதல் 6 வரை விழும். 7ஆம் குழியிலுள்ள ஐந்து 8 முதல் 12 வரை செல்லும். 13ஆம் குழியிலுள்ள ஐந்து 14ஐ நிரப்பி 1, 2, 3, 4 எனச் சுற்றி வரும். அடுத்து 5ஆம் குழியில் ஆறு காய்கள் இருக்கும். அவை 11 வரை செல்லும். 12ஆம் குழியிலுள்ள ஆறும் 13, 14 கடந்து 4 வரை வரும். அடுத்துள்ள 5ஆம் குழி வெறுமை. அதற்கு அப்பாலுள்ள 6ஆம் குழியில் ஏழு காய்கள் காத்திருக்கும். தொடக்கத்தில் எல்லாக் குழிகளும் ஒத்திருப்பதால், எந்தக் குழியில் தொடங்கினும் கிடைப்பது இந்த ஏழே. தெரிவு தொடங்குவது இரண்டாம் ஆட்டக்காரரிடத்தில்தான். அவர்முன் உள்ள குழிகள் இப்போது ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை.

பல்லாங்குழியில் பகடை இல்லை. மறைத்து வைக்கும் காயும் இல்லை. எல்லாம் இருவர் கண்முன்னும் உள்ளன. கை சென்று சேரும் குழியை முன்னரே கணக்கிட வல்லவர் வெல்வார். பாட்டியர் பலர் விரலால் தொட்ட அளவில் குழியிலுள்ள காய்களின் எண்ணிக்கையைக் கூறுவர். தொடுதலாலேயே ஆட இயலும் என்பதால், பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் வேறுபாடின்றி எதிரெதிரே அமரத்தக்க ஆட்டம் இது.

இவ்வாட்டத்தில் வேறொரு கூறும் உண்டு. இருவரும் நிகரான செல்வத்தோடு தொடங்குவர். ஒரு சுற்றில் இழந்தவர், அடுத்த சுற்றில் தம் குழிகள் அனைத்தையும் நிரப்ப இயலாமல் சிலவற்றை வெறுமையாக விட நேரும். குழி குறையக் குறைய வாய்ப்பும் குறையும். நிகராகத் தொடங்கி ஏற்றத்தாழ்வில் முடியும் இவ்வமைப்பைக் கண்ட பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன், சமூகத்தில் தனியுடைமை தோன்றிய வரலாற்றோடு பல்லாங்குழியை இணைத்து ஆராய்ந்தார். விளையாட்டுப் பலகையும் சமூகத்தைக் காட்டும் கண்ணாடியாகலாம் என்பதை அவர் ஆய்வு உணர்த்தியது.

குழிகளில் காய்களை விதைத்துச் செல்லும் இவ்வகை ஆட்டம் உலகின் பல பகுதிகளில் உண்டு. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் பன்னிரண்டு குழிகளிலும் நாற்பத்தெட்டு விதைகளிலும் ஆடும் ‘ஒவாரே’ புகழ்பெற்றது. மலேசியாவில் ‘சொங்காக்’, பிலிப்பைன்சில் ‘சுங்கா’ என்னும் பெயர்களில் இவ்வகை ஆட்டம் வழங்குகிறது.

வாய்ப்பும் தெரிவும்

பரமபத ஆட்டத்தில் ஏணி ஏற்றும், பாம்பு இறக்கும். பகடையை உருட்டுவதைத் தவிர ஆடுபவர் செய்யத்தக்கது யாதுமில்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருப்போருக்கு உகந்த ஆட்டமாக அது விளங்கியதற்கு இதுவே காரணம் எனலாம். உறக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்திலும் அதனை ஆடலாம். ஐந்து வயதுக் குழந்தையும் எண்பது வயது முதியவரும் நிகராக ஆடலாம். அறத்தால் ஏற்றமும் மறத்தால் இறக்கமும் நேரும் என்பதைப் படத்தால் கற்பித்த இந்திய ஆட்டமே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குச் சென்று, நூறு கட்டங்களைக் கொண்ட பாம்பும் ஏணியுமாக உலகெங்கும் பரவியது.

தாயம் வேறு வகையினது. அதில் வாய்ப்பும் தெரிவும் கலந்துள்ளன. நான்கு பக்கங்களைக் கொண்ட தாயக்கட்டைகள் இரண்டு. அவற்றின் பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் இருக்கும். நான்காம் பக்கம் வெறுமையாக இருக்கும். இரு கட்டைகளும் சேர்ந்து விழத்தக்க முறைகள் பதினாறு. அவற்றுள் ஒன்று என்னும் தாயம் விழுவது இரு முறைகளில் மட்டுமே. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்று கொள்வர். அது பதினாறில் ஒரு முறையே வரும். மூன்று விழுவதற்கோ நான்கு முறைகள் உள்ளன.

தாயம் விழுந்தால்தான் காயைக் களத்தில் இறக்க இயலும். எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதால் எட்டு முறை உருட்டினால் தாயம் உறுதி என்று புதியவர் நம்புவார். கணக்கு அவ்வாறு கூறவில்லை. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாதிருக்க, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. களத்தில் பிறர் காய்கள் சுற்றிவர, தம் காய் ஒன்றும் இறங்காமல் காத்திருக்கும் பொறுமையே தாயம் கற்பிக்கும் முதற்பாடம்.

காய் இறங்கிய பின்னர்த் தெரிவு தொடங்குகிறது. முன்னே செல்லும் காயைப் பழமாக்க விரைவதா, பின்தங்கிய காயை மலை என்னும் காப்புக் கட்டத்தில் ஏற்றுவதா, எதிராளியின் காயை வெட்டுவதா என்று ஆடுபவர் முடிவு செய்ய வேண்டும். கட்டையில் விழும் எண்ணை அவர் மாற்ற இயலாது. விழுந்த எண்ணை எதற்குப் பயன்படுத்துவது என்பது அவர் கையில் உள்ளது.

ஆடும் புலியும்

ஆடுபுலி ஆட்டத்தில் இருதரப்பும் நிகரல்ல. முக்கோண வடிவில் கோடுகள் சந்திக்கும் இருபத்து மூன்று புள்ளிகள் களமாகும். ஒருவரிடம் மூன்று புலிகள். மற்றவரிடம் பதினைந்து ஆடுகள். ஆட்டின் பின்னுள்ள புள்ளி வெறுமையாக இருந்தால் புலி அதனைத் தாவி வெட்டும். ஆடுகளால் வெட்ட இயலாது. புலிகளை நகரவிடாமல் அடைப்பதே அவற்றின் வெற்றி. ஆடுகள் அனைத்தும் களத்தில் இறங்கும்வரை, இறங்கிய ஆடு இடம்பெயரவும் கூடாது.

புதிதாக ஆடுபவர் புலியையே விரும்புவார். தொடக்கத்தில் புலிக்குக் கிடைக்கும் எளிய வெற்றிகள் அவரை மகிழ்விக்கும். சில நாள்கள் ஆடிய பின்னரே ஆட்டின் வலிமை புலப்படும். ஓர் ஆட்டின் பின் மற்றோர் ஆடு நின்றால் புலியால் தாவ இயலாது. தனித்து நிற்கும் ஆடு இரையாகும். இணைந்து நிற்கும் ஆடுகள் புலியைச் சிறைப்படுத்தும். ஒற்றுமையின் வலிமையை அறவுரையாகப் பலமுறை கேட்டவரும், இக்களத்தில் ஓர் ஆட்டை இழந்த பின்னரே அதனை உணர்கின்றனர்.

ஒருவரே எப்போதும் புலியை ஆடினால் அவர் திறனை அளவிட இயலாது. ஒரே இருவர் ஒருமுறை புலியாகவும் மறுமுறை ஆடாகவும் மாறி ஆட வேண்டும். எதிரில் உள்ளவரின் இடத்தில் அமர்ந்து பார்க்கும் இப்பழக்கம், ஆட்டத்துக்கு வெளியிலும் பயன்படும். நேபாள நாட்டில் நான்கு புலிகளும் இருபது ஆடுகளும் கொண்டு ஆடும் ‘பாக்சால்’ இதன் உறவினமாகும்.

கையில் மறைந்த சீட்டு

பலகை ஆட்டங்களில் எல்லாம் கண்முன் விரிந்திருக்க, சீட்டாட்டத்தில் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். வட்டவடிவச் சீட்டுகளைக் கொண்ட கஞ்சிபா ஆட்டம் முகலாயர் காலத்தில் இந்தியாவில் பரவியது. மகாராட்டிர மாநிலத்துச் சாவந்துவாடியில், திருமாலின் பத்துத் தோற்றரவுகளைப் பத்துக் குலங்களாகக் கொண்டு, குலத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகளைக் கையால் தீட்டும் கலை இன்றும் வாழ்கிறது.

ஈழத்தமிழர் விரும்பி ஆடும் ‘முந்நூற்று நான்கு’ நால்வர் ஆடும் ஆட்டம். எதிரெதிரே அமர்ந்தோர் இணையாவர். அதில் அரசனுக்கு 3, அரசிக்கு 2. எளிய வீரனாகிய ஜாக்கிக்கோ 30 மதிப்பு. ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10. ஒரு குலத்தின் மதிப்பு 76. நான்கு குலங்களுக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்காகும். அரசனை வீரன் வெல்லும் இவ்வாட்டத்தில், தன் இணையின் கையிலுள்ளதைக் கேளாமலே உணர்ந்து துணைநிற்பவரே சிறந்த ஆட்டக்காரர். பேசாமல் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் பயிற்சி அது.

தெரிந்து தெளிவோம்

ஆட்டக்களத்திலிருந்து அன்றாட வழக்குக்கு வந்த சொற்கள் பல. பிறர் தம் நலனுக்காகப் பயன்படுத்தும் ஒருவரைப் ‘பகடைக்காய்’ என்பர். இறுதிவரை வெளிப்படுத்தாமல் வைத்திருக்கும் வலிமையைத் ‘துருப்புச்சீட்டு’ என்பர். திட்டமிட்டுச் செயலாற்றுவதைக் ‘காய் நகர்த்துதல்’ என்பர்.

விளையாட்டும் சூதும்

ஆட்டக்காயும் பகடையும் பொருள்வைத்து ஆடுங்கால் சூதாகும். திருவள்ளுவர் 94ஆம் அதிகாரத்தைச் சூதின் தீமைக்கென ஒதுக்கினார். சூதில் பெறும் வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார். புகழேந்தியின் நளவெண்பா, நாடிழந்த நளனின் துயரைப் பாடுகிறது.

திறனுக்கும் வாய்ப்புக்கும் இடையே உள்ள எல்லையை நீதிமன்றங்களும் ஆராய்ந்துள்ளன. ரம்மி ஆட்டத்தில் திறனே மேலோங்கி நிற்கிறது என உச்சநீதிமன்றம் 1967ஆம் ஆண்டு கூறியது. இணையவழியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் பெருகிக் குடும்பங்களைக் குலைத்தபோது, தமிழ்நாடு அரசு அவற்றைத் தடுக்க 2022ஆம் ஆண்டு சட்டம் கொணர்ந்தது. பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றியது.

திண்ணையில் தாயம் ஆடுபவர் தோற்றால் இழப்பது காய்களை மட்டுமே. எதிரில் அமர்ந்தவரின் முகத்தை அவர் காண்கிறார். ‘போதும், எழு’ என்று கூற வீட்டார் அருகில் உள்ளனர். கைப்பேசித் திரையில் பணம் வைத்து ஆடுபவருக்கு எதிரில் முகம் இல்லை. ஆட்டத்தை நிறுத்தச் சொல்வாரும் இல்லை. ஆட்டம் ஒன்றே ஆயினும், பந்தயம் புகும்போது அதன் இயல்பு மாறுகிறது. இவ்வேறுபாட்டை அறிதல் இளையோருக்கு இன்றியமையாதது.

எழுதியவர் காத்தார்

ஈராக்கு நாட்டின் ஊர் என்னும் பழநகரில், 1920களில் லியோனார்டு ஊலி அகழாய்வு செய்தபோது, ஏறத்தாழ 4500 ஆண்டுகள் பழமையான ஆட்டப் பலகைகள் கிடைத்தன. பலகை இருந்தது, காய்கள் இருந்தன, ஆடும் முறை தெரியவில்லை. பொ.ஆ.மு. 177இல் பாபிலோனிய எழுத்தர் ஒருவர் களிமண் பலகையில் எழுதிவைத்த குறிப்பு, பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்தது. அதனைப் படித்த இர்விங் பிங்கல் என்னும் அறிஞர், அவ்வாட்டத்தின் பிற்கால வடிவத்துக்குரிய விதிகள் அதில் இருப்பதைக் கண்டறிந்தார். பல நூற்றாண்டுகள் ஊமையாய்க் கிடந்த பலகையில் மீண்டும் காய்கள் நகர்ந்தன. தம் காலத்தவர் அறிந்த ஆட்டத்தை ஒருவர் எழுதிவைத்தமையே அதற்குக் காரணம்.

வல் ஆட்டத்துக்கு அவ்வாறு ஓர் எழுத்தர் வாய்க்கவில்லை. பல்லாங்குழிக்கும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் இன்னும் காலம் இருக்கிறது. ஆவுடையார்கோவிலைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், தமிழகத்தின் எந்த ஊரிலும், விதிகளை மனத்தில் வைத்திருக்கும் முதியோர் வாழ்கின்றனர். ‘எங்கள் ஊரில் இப்படித்தான் ஆடுவோம்’ என்று அவர்கள் கூறும் ஒவ்வொரு வேறுபாடும் பதிவுக்குரியது. அவர்கள் எதிரில் அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடி, தோற்று, கேட்டு, எழுதி வைப்பவர் ஒரு மரபைக் காத்தவராவார். கல்லில் குழி எஞ்சும். அதில் காய் விழும் முறையை மனிதர்தாம் சொல்ல வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரோடு பல்லாங்குழி அல்லது தாயம் ஆடுக. அவர் கூறும் விதிகளை, அவர் வழங்கும் சொற்களிலேயே எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.

2. எழுபது புளியங்கொட்டைகளைக் கொண்டு, பாடத்தில் கூறிய முதல் ஆட்டத்தை வெவ்வேறு குழிகளில் தொடங்கி ஆடிச் சரிபார்க்க.

குறுவினா

1. ‘வல்’ என்னும் சொல் ‘பலகை’ என்பதனோடு புணரும் இரு வடிவங்களை எழுதுக.

2. ‘முந்நூற்று நான்கு’ என்னும் ஆட்டம் அப்பெயர் பெற்றது எவ்வாறு?

சிறுவினா

1. பரமபதம், தாயம் ஆகிய இரண்டையும் வாய்ப்பு, தெரிவு என்னும் அடிப்படையில் ஒப்பிடுக.

2. பாழ்பட்ட ஊரைக் காட்ட ஆட்டக்களத்தைப் புலவர் தேர்ந்ததன் நயத்தை விளக்குக.

நெடுவினா

‘எல்லாரும் அறிந்ததே முதலில் மறைகிறது’ – இக்கருத்தை மரபு விளையாட்டுகளின் வழிநின்று நிறுவுக.